திருடன் பட்டம்

செய்யாத குற்றத்துக்கு எழுபது வருஷம் பழி சுமந்த ஒரு ஜந்துவின் கதை இது.

1923-ஆம் வருஷம் மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில், கல்லாய்ச் சமைந்த முட்டைகளையும், அவற்றின்மீது கிடந்த ஒரு டினோஸாரின் எலும்புகளையும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டெடுத்தனர். அப்பக்கத்தில் புரோடோஸெராடாப்ஸ் என்னும் தழையுண்ணும் டினோஸாரின் எலும்புகள் ஏராளம். ஆகவே முட்டைகள் அதனுடையவை என்றும், மேலே கிடந்தது அவற்றைத் திருட வந்த பிராணி என்றும் கருதினர். மறு வருஷம் ஆஸ்பர்ன் என்னும் அறிஞர் அதற்கு 'ஓவிராப்டர்', அதாவது 'முட்டை கவர்வோன்' என்று பெயரிட்டார். இப்பெயர் அதன் குணத்தைப் பற்றி நம்மை ஏமாற்றவும் கூடும் என்று அவரே எழுதிவைத்தார். பெயர் நிலைத்தது, எச்சரிக்கை மறந்தது.

1993-இல் அதே பாலைவனத்தில், அதே விதமான முட்டை ஒன்று அகப்பட்டது. உள்ளே இருந்ததோ ஓவிராப்டர் குலத்துக் குஞ்சு! பறவை அடைகாப்பதுபோல், கைகளை விரித்து முட்டைகளை அணைத்தபடியே மாண்ட அக்குலத்து டினோஸார் ஒன்றைப்பற்றி 1995-இல் ஆராய்ச்சியாளர் விவரித்தனர். முட்டைமேல் கிடந்தது திருடனல்ல, பெற்றோரே!

விலங்கு நூல் விதிப்படி, முறையாக முதலில் இட்ட பெயரே நிலைக்கும். பழி நீங்கியும் பட்டம் நீங்கவில்லை. ஒருவருக்குப் பெயர் சூட்டுமுன் நாமும் சற்றே பொறுப்போமாக!