பானிப்பட்டுக்குப் போகலாமா?

ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர், பி.ஏ.



சென்ற மாதம் புதுச்சேரி நகரை அடுத்த ஒரு நெசவாளர் சங்கத்தில் கணக்குகளைத் தணிக்கை செய்துகொண்டிருந்தபொழுது, அங்கத்தினர் ஒருவர் என் மேசையருகே வந்து நின்றார். வயதில் ஏறக்குறைய என்னை ஒத்தவர். தந்தையும் பாட்டனாரும் அதே சங்கத்தில் நெய்தவர்கள். கையில் ஒரு கடிதம் வைத்திருந்தார். ஹரியானா மாநிலத்துப் பானிப்பட்டு நகரில், வெளிநாடுகளுக்குத் துணி அனுப்பும் ஒரு நிறுவனத்தில் மாதிரித் துணி நெய்யும் பகுதிக்கு ஜக்கார்டு வேலை தெரிந்த கைத்தறி நெசவாளர் தேவையென்றும், மாதச் சம்பளம் 18,000 ரூபாய் என்றும் அதில் எழுதியிருந்தது.

“ஐயா, போகலாமா, வேண்டாமா? தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் முடிவு செய்துவிடுவேன்” என்றார்.

நான் உடனே விடை கூறவில்லை. ஒரு குடும்பத்தின் வாழ்வை ஒரு வார்த்தையில் தீர்த்துவிடும் அதிகாரம் எந்த இன்ஸ்பெக்டருக்கும் இல்லை. ஆனால் இக்கேள்வி அவர் ஒருவருடையதன்று. தறிக்குழியை விட்டு எழுந்து வடக்கு நோக்கிப் பார்க்கும் இளைஞர்கள் பல சங்கங்களில் இருக்கிறார்கள். ஆகவே நாங்கள் இருவரும் அன்று மாலை உட்கார்ந்து ஆராய்ந்ததை அவருடைய இசைவுடன் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊரை விட்டுப் போவது நம் ஊருக்குப் புதிதன்று. இவ்வூரே அவ்வாறு வந்தவர்களால் ஆனதுதான். 17-ம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சுவா மர்த்தேன் நெசவாளரை வருவித்து இங்கே குடியேற்றினார். அவர்கள் வழிவந்தவர்கள் நெய்த நீலத் துணி கடல் கடந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை வரையில் சென்றது. பின்னர் 19-ம் நூற்றாண்டில், இதே புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஏழை மக்கள் ஒப்பந்தக் கூலிகளாக ரெயூனியனுக்கும், 1853 முதல் மர்த்தினிக்குத் தீவுக்கும், அதற்கடுத்த ஆண்டிலிருந்து குவாதலூப்புக்கும் கப்பலேறினர். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சைகோனில் உத்தியோகம் தேடினர். 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படியான இணைப்பு நடைபெற்றபொழுது, பிரெஞ்சுக் குடியுரிமையா இந்தியக் குடியுரிமையா என்று தீர்மானிக்க ஆறு மாதத் தவணை கிடைத்தது. அந்த ஆறு மாதமும் எத்தனை வீடுகளில் இரவு நெடுநேரம் விளக்கு எரிந்திருக்கும் என்பதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆகவே, போகிறவனைத் துரோகியென்றும் இருக்கிறவனைச் சோம்பேறியென்றும் பேசுவது அறியாமை. போவது எந்த நிபந்தனையின் மேல் என்பதுதான் கேள்வி. ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர்களுக்கும், ஆறு மாதம் யோசித்து முடிவு செய்தவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

இனிப் பானிப்பட்டைப் பற்றி. சில ஆண்டுகளுக்கு முன் பயிற்சி நிமித்தம் அவ்வூருக்குச் சென்று மூன்று நாட்கள் தங்கியிருந்தேன். டெல்லிக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில், நெடுஞ்சாலையின் மேல் இருக்கிறது. 1526, 1556, 1761 ஆகிய ஆண்டுகளில் அங்கு நடந்த மூன்று போர்களைப் பள்ளியில் படித்திருக்கிறோம். இன்று அங்கே கம்பளி, ஜமக்காளம், படுக்கை விரிப்பு, திரைச்சீலை ஆகியவற்றின் வியாபாரம்தான் ஓயாமல் நடக்கிறது. 1947-ல் நாடு பிரிந்தபொழுது அவ்வூர் நெசவாளர் பலர் பாகிஸ்தானுக்குச் சென்றனர். மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதிகளாக வந்த நெசவாளர்கள் அவ்விடத்தில் குடியேறித் தொழிலை மீண்டும் நிறுத்தினர். அதாவது, அவ்வூரும் இடம் பெயர்ந்தவர்களின் ஊரே.

உலகத்தின் பல நாடுகள் கழித்துத் தள்ளும் பழைய உடுப்புகள் அங்கே மலை மலையாக வந்து இறங்குகின்றன. பெண்கள் அவற்றை நிறவாரியாகப் பிரித்து, பொத்தானையும் ஜிப்பையும் அறுத்தெடுக்கிறார்கள். துணி கிழிக்கப்பட்டுப் பஞ்சாகி, மறுபடியும் நூலாகிறது. நிறம் பார்த்துப் பிரித்துவிடுவதால் பெரும்பாலும் சாயம் போட வேண்டியதில்லை. அந்த நூலில் மலிவான கம்பளிகள் நெய்யப்படுகின்றன. ஒன்றும் வீணாகாத அத்தொழிலைக் கண்டு வியந்தேன். அதே சமயம், அவ்வறைகளில் பறந்த தூசியில் பத்து நிமிடம் நின்றதும் எனக்கு இருமல் வந்ததையும் மறைக்க விரும்பவில்லை. நம் அன்பருக்குக் கிடைத்திருப்பது அந்த வேலையன்று; தூய்மையான மாதிரிப் பகுதி. ஆனால் மாதிரிப் பகுதியில் வேலை குறைந்தால் எங்கே அனுப்புவார்கள் என்பதைக் கேட்டு எழுதி வாங்கும்படி சொன்னேன்.

தட்பவெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரிக்கு மேல் வெயில். ஜனவரியில் சில இரவுகளில் 5 டிகிரிக்கும் கீழே இறங்கும் குளிர், மூடுபனி. அந்நகரம் தலைநகர் வட்டாரத்தைச் சேர்ந்ததாகையால், குளிர்காலத்தில் காற்று மாசு மிகும் நாட்களில் ஆலைகளின் மேல் கட்டுப்பாடுகள் வருவதுண்டு. ஏற்றுமதியை நம்பிய ஊராகையால் தொலைவில் எடுக்கப்படும் முடிவும் அங்கே வந்து தாக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மேல் சுங்கவரியை 50 சதவீதமாக உயர்த்தியபொழுது அத்தகைய ஊர்கள் யாவும் கலங்கின. இங்கே வேலை நிச்சயமில்லை என்று அங்கே போகிறவர், அங்கேயும் நிச்சயம் ஒரு அளவுக்குத்தான் என்பதை அறிந்து போக வேண்டும்.

அடுத்து, வரவு செலவு. கூட்டுறவாளன் எதையும் பேரேட்டில் எழுதிப் பார்க்க வேண்டியவன். நாங்களும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம்.

இங்கே அவருக்கு வேலை முழுமையாக உள்ள எட்டு மாதங்களில் மாதம் 8,000 ரூபாய் கூலி. மற்ற நான்கு மாதங்களில் பாதிதான். ஆக ஆண்டுக்கு 80,000. மனைவி தார் சுற்றியும் தையல் தைத்தும் ஈட்டுவது மாதம் 2,500, ஆண்டுக்கு 30,000. மொத்தம் 1,10,000 ரூபாய். வீடு சொந்தம், வாடகையில்லை.

குடும்பத்தோடு பானிப்பட்டுக்குப் போனால், ஊருக்கு வந்துபோகும் ஒரு மாதத்துக்குச் சம்பளம் இல்லாததால் பதினொரு மாதத்துக்கு 1,98,000. வீட்டு வாடகை 54,000. நால்வர் ஊருக்கு வந்துபோக 12,000. குளிருக்கு வேண்டிய துணிமணி, போர்வை 8,000. இங்கே தனியே இருக்கும் பெற்றோருக்கு மாதம் 3,000 வீதம் 36,000. ஆகச் செலவு 1,10,000. மிச்சம் 88,000. மனைவியின் சம்பாத்தியமும் நின்றுவிடும். அதாவது, இங்கே கிடைப்பதைவிட 22,000 ரூபாய் குறைவு!

18,000 என்ற எண்ணை மட்டும் பார்த்து மகிழ்ந்திருந்த அன்பர், இந்த வரியைக் கண்டு வெகுநேரம் பேசவில்லை.

தனியே போனால் கணக்கு மாறுகிறது. கூட்டு அறை வாடகை 18,000; சாப்பாடு 48,000; பயணமும் உடுப்பும் 4,000; ஆக 70,000. மிச்சம் 1,28,000, மனைவியின் 30,000-ஐயும் சேர்த்தால் 1,58,000. இங்கிருப்பதைவிட ஆண்டுக்கு 48,000 அதிகம். மாதத்துக்கு 4,000 ரூபாய்.

அந்த 4,000 ரூபாய்க்கு அவர் கொடுக்கும் விலை, ஆண்டில் பதினொரு மாதம் பிள்ளைகளைப் பாராதிருப்பது. ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளை அழைத்துக்கொண்டு போனாலோ, இந்தி பேசும் ஊரில் அவள் புதிதாகத் தொடங்க வேண்டும். இவற்றைப் பேரேட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அது அவர் தம் மனைவியோடு கலந்து எழுத வேண்டிய பத்தி.

இங்கேதான் நான் சங்கத்தாரிடம் பேச விரும்புகிறேன்.

செய்தி நிர்வாகக் குழுவுக்கு எட்டியதும், “தொழில் தெரிந்த பிள்ளைகளெல்லாம் இப்படி ஓடினால் சங்கம் என்னாவது? பங்குத் தொகையையும் சேமிப்பு நிதியையும் இப்பொழுது கொடுக்க வேண்டாம்; பணம் கைக்கு வராவிட்டால் தானே நின்றுவிடுவான்” என்று ஒரு பெரியவர் கூறினார். அவர் தீய எண்ணத்தில் கூறவில்லை. நாற்பதாண்டுக் காலம் சங்கத்தைக் காத்தவர். தறிகள் ஒவ்வொன்றாக ஓய்வதைக் கண்ட வருத்தத்தில் கூறினார். ஆயினும் அது தவறு. அங்கத்தினரின் சேமிப்பு அங்கத்தினருடையது. முன்பணம் கொடுத்து நெசவாளனைக் கட்டிப்போட்ட முதலாளிகளிடமிருந்து விடுபடவே நம் முன்னோர் சங்கம் கண்டனர். அந்த முதலாளியின் கயிற்றைச் சங்கமே கையில் எடுப்பதா?

மேலும், அவரைப் போகத் தூண்டியது எது? ஜக்கார்டு தெரிந்த ஒரு நெசவாளரை நம் சங்கம் இத்தனை ஆண்டுகளாகச் சாதாரணக் கைலி நெய்ய வைத்திருந்தது. அவருக்கு இன்ன வேலை தெரியும் என்பதை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒருவர் விசாரித்து அறிந்திருக்கிறார். நம் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே பங்கு எண்ணும் தறி எண்ணும்தான் இருக்கின்றன. தணிக்கைக்கு ஆண்டுதோறும் வரும் நானும் அவரைக் கேட்டதில்லை. குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

மாதம் 4,000 ரூபாய் இடைவெளியை நிரப்ப முடியாதா? ஆண்டுக்கு 48,000-இல் 16,000 ரூபாய், வேலை பாதியாகும் அந்த நான்கு மாதங்களின் இழப்பு. அம்மாதங்களில் வேலை குறைவதேன்? ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட முடிவதில்லை. குழியில் ஊற்று எடுக்கிறது. தீபாவளி முடிந்ததும் சரக்கு தேங்கி நூல் கொடுப்பதும் தாமதமாகிறது. பாவு தோய்க்க ஒரு நீண்ட கொட்டகை போட்டு, நூலை முன்கூட்டியே வாங்கி வைத்தால் இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். எஞ்சிய 32,000, மாதத்துக்குச் சுமார் 2,700 ரூபாய், ஜக்கார்டு வேலைக்குரிய கூலி வேறுபாட்டினால் வரவேண்டியது. அதற்குக் கொட்டகை போதாது. ஆர்டர் தேட வேண்டும், உழைக்க வேண்டும். எளிதென்று நான் சொல்லவில்லை. ஆனால் முயன்று பார்க்காமல், “பிள்ளைகள் ஓடுகிறார்கள்” என்று குறைகூற நமக்கு உரிமையில்லை.

2019-20-ம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், இத்தொழிற் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்குக் குறைவு என்று கண்டனர். ஆலையை நம்பியும் பயனில்லை. 1898-ல் ரோடியர் ஆலையாகத் தோன்றிப் பின்னர் ஏ.எப்.டி. எனப் பெயர் பெற்ற ஆலை 2020 ஏப்ரல் 30-ல் மூடப்பட்டது. இந்நிலையில் சங்கமும் கைவிட்டால், கடிதம் வந்த திசையில் மனிதன் போவான்.

விவசாய அங்கத்தினர்கள் இது நெசவாளர் விஷயமென்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. பாகூரிலும் வில்லியனூரிலும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வெளியூர் சென்ற பிள்ளைகள் இல்லையா? ஒரு வேறுபாடு உண்டு. நிலம் மறுபடியும் வந்து உழும் வரையில் அங்கேயே கிடக்கும். தறியோ, இரண்டு மழைக்காலம் கவனிப்பாரில்லாமல் கிடந்தால் குழி தூர்ந்து, கட்டை உளுத்து, அச்சு துருவேறிவிடும். நெசவாளன் திரும்பி வருவதற்குத் தறி காத்திருக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் அதை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை சில. முதலாண்டு குடும்பத்தை அழைத்துச் செல்லாதீர்கள். ஒரு கோடையும் ஒரு குளிரும் தனியே கண்டு பின்னர் முடிவு செய்யுங்கள். சம்பளம், வேலை நேரம், விடுப்பு, பயணச் செலவு ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். தொழிலாளர் காப்பீடும் வருங்கால வைப்பு நிதியும் உங்கள் பெயரில் பிடிக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். வைப்பு நிதிக்குத் தரப்படும் எண், வேலை மாறினாலும் ஊர் மாறினாலும் உங்களைத் தொடர்வது. திரும்பி வரும் இரயில் கட்டணத்தை எப்பொழுதும் தனியே வைத்திருங்கள். 2020-ல் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபொழுது நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பியவர்களை நாம் எல்லோரும் கண்டோம். சங்கப் பங்கை அவசரப்பட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். எல்லையை விட்டுக் குடிபெயர்ந்தால் அங்கத்தினர் தகுதி என்னாகும் என்பதைத் துணைவிதியைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அன்று மாலை அன்பர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன், ஐயா” என்றார். அதுவே சரியான விடை. தை பிறந்ததும் புறப்படுவதா இல்லையா என்பதை அவரும் அவர் மனைவியும் தீர்மானிப்பார்கள்.

அதற்கு முன் சங்கத்தின் பொதுக்குழு கூடவிருக்கிறது. பாவு தோய்க்கும் கொட்டகை, ஒவ்வோர் அங்கத்தினருக்கும் தெரிந்த வேலையைப் பதிவு செய்தல், வெளியூர் செல்பவரின் தறியை ஓராண்டு மற்றோர் அங்கத்தினர் ஓட்டிக் காத்தல் ஆகிய மூன்றையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி காரியதரிசிக்கு எழுதியிருக்கிறேன். மற்றச் சங்கங்களும் இவ்வாறு செய்ய வேண்டுமென்பது என் தாழ்மையான அபிப்பிராயம். மாற்றுக் கருத்துடைய அன்பர்கள் இப்பத்திரிகைக்கு எழுதுவார்களாக.