முள் துடைத்த குறிப்பு எங்கே?

இசைத்தட்டை டிஜிட்டல் கோப்பாக்கும்போது நாம் நிரப்பும் படிவத்தில் தட்டின் எண், கம்பெனி, சுழல்வேகம், ஈக்வலைசேஷன், முள்ளின் அளவு எல்லாம் ஏறிவிடுகின்றன. அந்த முள் கடைசியாக எப்போது துடைக்கப்பட்டது என்பதற்கு வழக்கமான படிவத்தில் கட்டம் கிடையாது. துடைப்பது ஆபரேட்டரின் கைப்பழக்கம், அதில் எழுதி வைக்க என்ன இருக்கிறது என்ற எண்ணமே காரணம். டெல்லியில் வேலை செய்கிறவர்கள் இந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும். வீட்டில் பாட்டுக் கேட்பவரின் முள்ளில் தூசி ஒட்டியிருந்தால் அன்றைய கச்சேரிதான் கெடும்; துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்வார். காப்பகத்தில் அந்தத் தூசியின் விளைவும் கோப்பில் பதிவாகிறது. தட்டு விரிசல் கண்ட பிறகு அந்தக் கோப்புதான் மூலம்.

ரவீந்திர பவனில் உள்ள சங்கீத நாடக அகாடமி முதல் குருகிராமில் இயங்கும் இன இசையியல் ஆவண ஆய்வு மையம் வரை பெரிய ஒலித் திரட்டுகள் தலைநகர்ப் பகுதியில் குவிந்திருக்கின்றன. சுற்றியுள்ள காற்றோ நாட்டிலேயே தூசி மிகுந்தவற்றில் ஒன்று. ஸ்டீரியோ எல்.பி.க்கான கூம்பு வைர முனையின் ஆரம் ஏறத்தாழ 18 மைக்ரான். காற்றுத்தர அறிக்கையில் நாம் தினமும் படிக்கும் பி.எம்.10 என்பது 10 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள். ஆக, மூச்சில் போகிற தூசியும் பள்ளத்தில் ஓடுகிற முனையும் கிட்டத்தட்ட ஒரே அளவுலகைச் சேர்ந்தவை. மே, ஜூன் மாதப் புழுதிப்புயல் கொண்டுவரும் குவார்ட்ஸ் துகள் வினைலைவிட மிகக் கடினமானது. அதே மாதங்களின் வறண்ட காற்றில் வினைலில் நிலைமின்சாரம் ஏறுவதால், உறையிலிருந்து எடுத்த நொடியே தட்டு தூசியை இழுத்துக்கொள்கிறது. இருபது நிமிட எல்.பி. பக்கம் ஒன்றில் முள் கடக்கும் தூரம் 400 மீட்டருக்கு மேல். வழியில் கிடப்பதெல்லாம் முனையைச் சுற்றித் திரண்டதும், அது முனையைப் பள்ளச் சுவரோடு ஒட்டி ஓடவிடாமல் தூக்கித் தூக்கிப் போடுகிறது. முதலில் மங்குவது உயர் அதிர்வெண்கள். பிறகு ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் சிதறும்.

78 ஆர்.பி.எம். தட்டுக்கு முனை பெரிது, 65 முதல் 75 மைக்ரான் வரை. அங்கே இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். அங்கேதான் கூடுதலாக வேண்டும். அந்த அரக்குத் தட்டின் கலவையில் கனிமப் பொடி சேர்த்திருப்பார்கள். எஃகு முள் அதில் தேய்ந்து பள்ளத்துக்கேற்ப உருக்கொள்ளும். அதனால்தான் பக்கத்துக்கொரு புது முள் மாற்றினார்கள். அப்படித் தேய்ந்த எஃகுத் துகள் இன்றும் பள்ளத்தில் கிடக்கலாம், நம் காட்ரிட்ஜுக்குள்ளோ காந்தம் இருக்கிறது. 1938-ல் மறைந்த வீணை தனம்மாளின் வாசிப்பு இன்று நம்மிடம் இருப்பது சில 78 தட்டுகளாக மட்டுமே. மென்மையான வாசிப்புக்குப் பேர்போன கை அது. ஒரு மீட்டில் எழுந்து தேயும் கமகத்தின் கடைசிப் பகுதி தட்டின் இரைச்சலுக்குச் சற்றே மேலே நிற்கிறது. முனையில் அழுக்கு சேர்ந்தால் முதலில் மூழ்குவது அதுதான்.

மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். ‘டிக்’ என்று தனியாக விழும் ஓசையை அது நன்றாகவே நீக்கும். முள் படிக்கத் தவறியதை அதனால் மீட்க முடியாது. தட்டைக் கழுவினாலே போதுமே என்பது அடுத்த வாதம். கழுவுவது கட்டாயம், ஆனால் உலர்ந்து சுழல்மேடைக்கு வருவதற்குள் டெல்லிக் காற்று மறுபடி வேலையைக் காட்டிவிடும். சரியாக அலசாத தட்டில் தங்கும் திரவப் படிவும் முனையில்தான் ஏறும்.

கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: அடிக்கடி கைவைத்தால் முனையைத் தாங்கும் மெல்லிய தண்டான கேன்டிலீவர் ஒடியும். உண்மைதான். ஷூர் நிறுவனம் 2018-ல் காட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டதால், அதன் பழைய மாடல்களுக்கு அசல் முள் கிடைப்பதும் அருமையாகிவிட்டது. ஆனால் முள்ளை ஒடிப்பது பெரும்பாலும் தவறான துடைப்பு. தூரிகை பின்னாலிருந்து முன்னால் மட்டுமே, அதாவது தட்டு ஓடும் திசையிலேயே, போக வேண்டும். குறுக்கே ஒரு முறை இழுத்தாலும் ஒடிந்துவிடலாம். மெலமைன் பஞ்சில் முனையை நேர்செங்குத்தாக இறக்கி ஏற்றலாம். பக்கவாட்டில் தேய்க்கக் கூடாது. ஆல்கஹால் கலந்த திரவத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது கேன்டிலீவர் வழியே ஏறினால் வைரத்தைப் பிடித்திருக்கும் பசையையும் உள்ளிருக்கும் ரப்பரையும் கெடுக்கக்கூடும். அரக்கு ஆல்கஹாலில் கரையும் என்பதால், முனை முழுதாக உலராமல் 78 தட்டில் இறக்கவே கூடாது.

தினசரி இலக்கோடு ஓடும் திட்டத்தில் இதற்கு நேரமில்லை என்று மேலாளர்கள் சொல்லலாம். உலர்தூரிகைக்கு ஆவது அரை நிமிடம்கூட இல்லை. கெட்ட கோப்பைக் கண்டுபிடித்துத் தட்டை மறுபடி எடுத்து ஓட்டுவதற்குத்தான் நேரம் பிடிக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னும் பின்னும் துடையுங்கள், பின்னதில் துடைப்பதற்கு முன் முனையை உருப்பெருக்கியில் பாருங்கள். அழுக்கு கனமாக இருந்தால் அந்தப் பக்கத்தை மறுபடி ஓட்டுங்கள். அடுத்த படிவம் அச்சிடும்போது ‘முள் துடைத்தது: முன், பின், முறை’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.