கேடயத்தில் மூன்று கதிர்க்கட்டுகள்

வில்லும் புலியும் கயலும் கொண்டு மூவேந்தரை இனங்கண்ட மரபினராகிய நமக்குச் சின்னத்தின் ஆற்றலைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், சான்றிதழின் தலைப்பில் நாம் காணும் கல்லூரி இலச்சினையை ஊன்றி நோக்குவார் எத்தனை பேர்? அமெரிக்காவின் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் ஏறத்தாழ எண்பதாண்டுக் காலம் வழங்கிய கேடயம் இவ்வினாவை நம்முன் நிறுத்துகின்றது.

மேலே, மூன்று நூல்களின்மீது 'உண்மை' எனப் பொருள்படும் 'வெரிட்டாஸ்' என்னும் இலத்தீன் சொல். கீழே, நீலப் பரப்பில் மூன்று பொன்னிறக் கோதுமைக் கதிர்க்கட்டுகள். 1936ஆம் ஆண்டு, பல்கலைக்கழகத்தின் முந்நூறாம் ஆண்டு விழாவையொட்டி இது வழக்கிற்கு வந்தது. கதிர் என்றவுடன் வளம், அறுவடை, கல்வியின் பயன் என நல்லனவே நெஞ்சில் தோன்றும். உண்மையில், அவை ஐசக் ராயல் என்பாரின் குடும்பச் சின்னம். அவருடைய தந்தையார் ஆண்டிகுவா தீவில் கரும்புத் தோட்ட அடிமைகளின் உழைப்பால் பெரும்பொருள் ஈட்டி, 1737இல் மாசசூசெட்சில் குடியேறியவர். மகன் உயில்வழி விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டே 1815இல் ஹார்வர்டின் முதல் சட்டப் பேராசிரியர் பதவி அமைந்தது. ஈராண்டு கழித்துக் கல்லூரியும் எழுந்தது.

அக்குடும்பத்தில் அடிமையாயிருந்து முதுமையுற்ற பெலிண்டா சட்டன் என்னும் அம்மையார், தம் உழைப்புக்கு ஈடாக ராயலின் சொத்திலிருந்து உதவித்தொகை வேண்டி 1783இல் மாசசூசெட்சு சட்டமன்றத்திற்கு விண்ணப்பித்தார். கையொப்பத்திற்கு மாற்றாக அவர் இட்டது ஒரு கீறலே. ஆண்டுக்கு 15 பவுன் 12 ஷில்லிங் வழங்குமாறு ஆணை பிறந்தது. பணமோ ஒழுங்காக வந்துசேரவில்லை; அவர் மீண்டும் மீண்டும் விண்ணப்பிக்க நேர்ந்தது. சட்டம் பயில்வோர் முதலில் படிக்கத்தக்கது அவ்விண்ணப்பமே என்போம்.

2015இல் மாணவர் சிலர் அக்கேடயத்தை அகற்றுமாறு கிளர்ந்தெழுந்தனர். ஆராய்ந்த குழுவினருள் பெரும்பான்மையோர் அதற்கு இசைய, 2016 மார்ச்சில் அது கைவிடப்பட்டது. குழுவிலிருந்த கறுப்பின வரலாற்றறிஞர் அனெட் கார்டன்-ரீட் மட்டும் ஒரு மாணவியுடன் மாறுபட்டு நின்றார். கதிர்க்கட்டுகளை அடிமைகளின் வரலாற்றோடு பிணைத்து, அவர்தம் நினைவாகவே போற்ற வேண்டும் என்பது அவர் வாதம்.

அச்சின்னத்தைத் தாங்க நேர்ந்த மாணவர்தம் மனநோவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், கார்டன்-ரீடின் பக்கமே நியாயம் மிகுதி எனக் கருதுகிறோம். அக்கதிர்கள் ராயலுக்கு உரியன என்று கொண்டதனால் அன்றோ அவை அகற்றப்பட்டன! அவற்றை உழைத்தோர்க்கு உரியனவாக்கும் வாய்ப்பு கைநழுவிற்று.

2017இல் அவ்வடிமைகளின் நினைவாகக் கல்லூரி வளாகத்தில் ஒரு கல் நாட்டப்பட்டது. நற்செயலே. ஆயின் கல் ஓரிடத்தில் நிற்பது. சான்றிதழோடு வீடுதோறும் செல்வது இலச்சினை. 2021இல் வெளியான புதிய கேடயத்தில் 'வெரிட்டாஸ்' உண்டு, சட்டமும் நீதியும் எனப் பொருள்தரும் இலத்தீன் தொடர் உண்டு, வளைகோடுகளும் உண்டு. அழகிற்குக் குறைவில்லை. இவை யாருடைய கதிர்கள் என்று புதிதாய்ச் சேரும் மாணவன் கேட்பதற்குத்தான் அதில் ஒன்றுமில்லை.