வயசு ஒரு வருத்தமில்லை

எங்கட பக்கம் ஒரு கிழட்டுப் பூனை திடீரென்று பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்தால் வீட்டில் முதலில் வரும் தீர்ப்பு ஒன்றுதான்: "அதுக்கு வயசு போயித்து, இனி என்ன செய்யிற." பிறகு ஒரு பழைய சாக்கு, குசினிக்குப் பின்னால் ஒரு மூலை, சிரட்டையில் கொஞ்சம் தண்ணி. வினாயகபுரத்தில் மட்டுமில்லை, தம்பிலுவில், அக்கரைப்பற்று என்று எங்கே போனாலும் இதே கதைதான். நாங்கள் இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. நேற்று இரவு மதிலில் பாய்ந்த பூனைக்கு இன்று காலையில் எழும்ப முடியவில்லை என்றால், ஒரே இரவில் அதுக்குப் பத்து வயசு கூடியிருக்காது. உள்ளுக்குள் ஏதோ நடந்திருக்கிறது.

அதில் மிக மோசமானது இரத்தக்கட்டி. பூனைகளுக்கு இதயத்தசை தடிக்கிற வருத்தம் பரவலாக உண்டு. வெளியில் தெரியாது, சாப்பிட்டு விளையாடித் திரியும். இதயத்துக்குள் உறைந்த கட்டி ஒன்று கழன்று ஓடி, பெருநாடி பின்னங்கால்களுக்குப் பிரிகிற கவட்டில் போய்ச் சிக்கும். இரண்டு காலுக்கும் இரத்தம் நிண்டுபோகும். பூனை கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டாக்களே ஓடி வருவார்கள். பின்னங்காலைத் தொட்டுப் பாருங்கள். முன்னங்காலைவிடக் குளிர்ந்திருந்தால், பாதத்தின் மெத்தை வெளிறியோ நீலம் பாரித்தோ இருந்தால், பின்னேரம் வரை பார்த்துக்கொண்டிருக்கிற விஷயமில்லை அது. தேய்க்கவும் கூடாது, சுடுதண்ணிப் போத்தல் வைக்கவும் கூடாது. உணர்ச்சி இல்லாத கால் வெந்தாலும் அதுக்குத் தெரியாது.

எல்லாம் இப்படியில்லை. சில "திடீர்" உண்மையில் திடீரே இல்லை. 2002 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது 90 பூனைகளில் மூட்டுத் தேய்வின் அடையாளம் இருந்தது. பூனை நோவைச் சொல்லாது. மேசையில் ஏறுவதை விடும், முதுகை நக்குவது குறையும். நாங்கள் "சோம்பலாயித்து" என்று சிரிப்போம். ஒருநாள் படியில் சறுக்கும்போதுதான் எங்கட கண்ணில் படும். சர்க்கரை வருத்தம் முற்றிய பூனை குதிக்காலை நிலத்தில் ஊன்றி நடக்கும். பொட்டாசியம் குறைந்தால் தலையைத் தூக்க ஏலாமல் கிடக்கும். இதெல்லாம் மருந்து உள்ள வருத்தங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம்: பனடோல் கொடுக்காதீர்கள். எங்கட வீடுகளில் காய்ச்சலுக்கும் பனடோல், நாரிப்பிடிப்புக்கும் பனடோல். பூனை நொண்டினாலும் அரைக் குளிசையைப் பாலில் கரைக்கக் கை போகும். அந்த மருந்தை முறிக்கிற நொதியம் பூனையின் ஈரலில் போதியளவு இல்லை. இரத்தம் ஒட்சிசன் காவ முடியாமல் கபில நிறமாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். அரைக் குளிசையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். நோவுத் தைலமும் வேண்டாம், பூசியதை அது நக்காமல் விடாது.

சரி, எங்கே கொண்டுபோவது? அரச மிருக வைத்தியர் இருக்கிறார். ஆனால் அவர் வேலை செய்கிற திணைக்களத்தின் பெயரை ஒருக்கா வாசியுங்கள்: கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம். உற்பத்திதான் முன்னுக்கு நிற்கிறது. மாடு பால் தரும், கோழி முட்டை தரும். பூனை பிடித்த எலிக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. வைத்தியரைக் குறை சொல்ல வரவில்லை, பட்டி பட்டியாக ஓடித் திரிகிற ஆள் அவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருகங்களுக்கான போதனா வைத்தியசாலை உண்டு. அது மலைக்குள்ளே, இரத்தக்கட்டி வந்த பூனை அந்தப் பயணத்தைத் தாங்காது. ஆகவே நாங்கள் கேட்பது சின்ன விஷயம். கிழமையில் ஒரு காலை நேரத்தை வீட்டுப் பிராணிகளுக்கென்று ஒதுக்கி, அதை அலுவலக வாசலில் எழுதிப் போடட்டும். "பூனைக்கும் ஆஸ்பத்திரியா மகன்?" என்று ஓட்டோக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும், நாங்கள் ஏறிப் போவோம்.

போனால் எல்லாம் தப்பும் என்று பொய் சொல்லவில்லை. இரத்தக்கட்டி வந்த பூனைகளில் பல வைத்தியம் கிடைத்தும் செத்துப்போகும். அந்த நேரத்தில் நோவில்லாமல் முடித்துவைக்கிற ஊசியும் வைத்தியம்தான். சாக்கில் மூன்று நாள் கத்தவிட்டு "தானாப் போயித்து" என்று சொல்வதை எங்களால் இயற்கை என்று எடுக்க முடியவில்லை.

தப்புகிற பூனைக்கு வேண்டியது பெரிசாக இல்லை. விளிம்பு தாழ்ந்த தட்டில் மணல் (எங்கட ஊரில் அதுக்கா பஞ்சம்), வழுக்குகிற மாபிள் தரையில் ஒரு பழைய பாய், படுக்கைக்குப் பக்கத்தில் சாப்பாடும் தண்ணியும். மூத்திரம் போகுதா என்று ஒவ்வொரு நாளும் பாருங்கள். பின்பக்கம் செயலிழந்த பூனைக்கு அது வராமல் நிண்டுபோகலாம், ஒரு முழு நாள் போகாவிட்டால் அன்றைக்கே திரும்பவும் ஓட்டோ பிடிக்க வேண்டும்.