ஆறு இலக்க எண்



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இடமதிப்புப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். ஆறு இலக்க எண் ஒன்றைச் சொல்லுமாறு கேட்டேன். மற்றவர்கள் யோசித்துக் கொண்டிருக்க, ஒரு மாணவி மட்டும் தயக்கமின்றி ஓர் எண்ணைச் சொன்னாள். அதை வெண்பலகையில் எழுதி இடமதிப்பை விளக்கி முடித்தபின், "இவ்வெண் எப்படியம்மா உடனே நினைவுக்கு வந்தது?" என்று கேட்டேன். "எங்க அம்மாவோட பேங்க் கார்டு நம்பர், ஐயா" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் அவசர அவசரமாகப் பலகையை அழித்தேன். பலகையை அழித்துவிடலாம், பன்னிரண்டு பிள்ளைகளின் நினைவை அழிக்க முடியுமா?

அந்தத் தாயைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ரெம்பாவ் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர் அவர். பட்டணத்துக்கு வந்து பணம் எடுக்கும்போது இயந்திரத்தின் திரையை வாசித்துச் சொல்ல மகள்தான் துணை. இப்படி எத்தனையோ வீடுகள். வேறொரு குடும்பத்தில் இதைவிடக் கவலைக்குரிய செய்தியைக் கேட்டேன். மளிகைக் கடையில் வைத்த கடனுக்கு ஈடாக, வங்கி அட்டையும் அதன் இரகசிய எண்ணும் கடைக்காரரிடமே இருக்கின்றனவாம். சம்பள நாளன்று அவரே பணத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவாராம்!

தோட்டப்புறத்தில் நாம் நம்பிக்கையால் வாழ்ந்தவர்கள். கடைக் கணக்குப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் பொருள் வாங்கி, சம்பளம் வந்ததும் தீர்த்தோம். அந்த நம்பிக்கை நல்லதே. ஆயினும், கணக்குப் புத்தகத்தில் எழுதியதைப் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்க முடிந்தது. அட்டையைக் கொடுத்துவிட்டால் எவ்வளவு எடுக்கப்பட்டது என்பது எடுத்தவருக்கு மட்டுமே தெரியும். கடனைத் தீர்ப்பது நம் கடமை. அதற்காக அட்டையை அடகு வைப்பது கடமை அன்று.

பழைய அட்டைகளில் பின்புறத்துக் காந்தப் பட்டையில்தான் தகவல் இருந்தது. கடையில் சிறு கருவியொன்றில் அட்டையை ஒருமுறை இழுத்தாலே அதை நகலெடுத்துப் போலி அட்டை செய்துவிடலாம். அத்தகைய மோசடிகள் பெருகியதால்தான் மலேசியாவில் 2005ஆம் ஆண்டுவாக்கில் கடனட்டைகள் சில்லு பொருத்திய அட்டைகளாக மாற்றப்பட்டன. சில்லு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறியீட்டை உருவாக்குவதால், ஒருமுறை திருடியது மறுமுறை பயன்படாது. 2017 ஜூலை 1 முதல் கையொப்பத்துக்குப் பதிலாக ஆறு இலக்க இரகசிய எண் கட்டாயமாயிற்று. இவ்வாறு திருடன் நுழையும் வாசல்கள் பலவும் அடைக்கப்பட்டன. இன்று அவனுக்கு எளிய வழி ஒன்றுதான்: நம்மிடமே எண்ணைக் கேட்டு வாங்குவது. அதை நாமே தட்டில் வைத்துக் கொடுத்தால், எந்தச் சில்லு நம்மைக் காப்பாற்றும்?

கடைக்குச் செல்லும்போது பின்வருவனவற்றை மனத்திற் கொள்வோம்.

1. பணம் செலுத்தும்போது அட்டை நம் கண்ணை விட்டு அகலக் கூடாது. பெட்ரோல் நிலையமாயினும் உணவகமாயினும் கருவியை நம்மிடம் கொண்டுவரச் சொல்லலாம்.

2. எண்ணை அழுத்தும்போது மறுகையால் மறைக்க வேண்டும். பிறந்த தேதியை இரகசிய எண்ணாக வைக்கக் கூடாது.

3. தொட்டுச் செலுத்தும் முறையில் 250 ரிங்கிட் வரை எண் கேட்கப்படாது. இவ்வசதி வேண்டாமெனில் வங்கியிடம் சொல்லி நிறுத்தலாம்; வரம்பைக் குறைக்கவும் செய்யலாம்.

4. முகநூலில் மலிவான வீடு துப்புரவுச் சேவை என விளம்பரம் செய்து, புலனத்தில் ஒரு செயலியை அனுப்பிப் பதிவிறக்கச் சொல்வார்கள். அது நம் குறுஞ்செய்திகளையே திருடும். அத்தகைய செயலியை நிறுவவே கூடாது.

5. இணையத்தில் பொருள் வாங்கும்போது வரும் ஒருமுறை எண்ணை, வங்கி அதிகாரி என்று சொல்பவரிடமும் கூறக் கூடாது.

கடனட்டை தொலைந்தோ திருடப்பட்டோ பிறர் அதைப் பயன்படுத்தினால், உரிமையாளர் ஏற்கும் இழப்பு 250 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது என்பது பேங்க் நெகாராவின் விதி. ஆனால், அவர் தாமதமின்றி வங்கிக்கு அறிவித்திருக்க வேண்டும். நம்மவர் பலரிடம் இருப்பதோ பற்று அட்டை. அதில் போவது நம் சேமிப்புப் பணம். இரகசிய எண்ணைத் தாமாகவே பிறரிடம் சொல்லியிருந்தாலோ, அட்டையோடு எழுதி வைத்திருந்தாலோ, இழப்பு நம் தலையிலேயே விழக்கூடும். மேலும், 2024இல் திருத்தப்பட்ட குற்றவியல் சட்டத்தின்படி, கணக்கையும் அட்டையையும் முறையின்றிப் பிறர் கையாளக் கொடுப்பதே குற்றம். கைச்செலவுக்குச் சில நூறு ரிங்கிட் கிடைக்கிறதென்று அட்டையை விற்கும் இளைஞர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஏமாந்துவிட்டோம் எனத் தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வங்கியையோ, தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றால், நாளைக்குப் பணம் வேறு கணக்கில் இருக்கும்.

ஆசிரிய நண்பர்களே, இது நம் வேலையன்று என ஒதுக்கிவிட வேண்டாம். பல வீடுகளில் வங்கிச் செய்தியை வாசிப்பவர் நம் மாணவர்தாம். திரையை வாசித்துச் சொல்வது பிள்ளையின் உதவி. எண்ணை அழுத்துவது பெற்றோரின் பொறுப்பு. இந்த ஒரு கோட்டை வகுப்பறையிலேயே வரைந்து காட்டலாம்.

அன்று மாலையே அந்தத் தாயைத் தொலைபேசியில் அழைத்து விவரம் சொன்னேன். மறுவாரம் அம்மாணவி என்னிடம் வந்து, "அம்மா நம்பரை மாத்திட்டாங்க ஐயா. இப்ப எனக்கே தெரியாது" என்றாள். அவள் முகத்தில் ஏமாற்றம் இல்லை, பெருமிதமே இருந்தது.

உங்கள் வீட்டு எண்ணை எத்தனை பேர் அறிவார்கள்? இன்றிரவே எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு மேல் இருந்தால், நாளையே மாற்றிவிடுங்கள்.