ரெட்ஃபெர்ன் என்றொரு பேட்டை

சிட்னி சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் ஏறி, தெற்கே ஒரே ஒரு நிறுத்தம் போனால் ரெட்ஃபெர்ன். பேட்டைக்குப் பெயர் கொடுத்தவரே ஒரு கைதிதான். 1797-ல் பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமிகள் கலகம் செய்தார்கள். ‘ஒற்றுமையாக நில்லுங்கள்’ என்று அவர்களுக்கு யோசனை சொன்ன இளம் மருத்துவ உதவியாளர் வில்லியம் ரெட்ஃபெர்னுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். சின்ன வயது என்பதால் உயிர் தப்பியது. 1801-ல் கைதியாகச் சிட்னிக்கு வந்தார். மன்னிப்புக் கிடைத்தது, பேர்பெற்ற டாக்டரானார். 1817-ல் அரசாங்கம் அவருக்கு 100 ஏக்கர் நிலம் தந்தது.

அந்த நிலம் காடிகல் என்ற பூர்வகுடி மக்களுடையது. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1880-களில் பக்கத்திலேயே ஈவ்லி ரயில்வே பணிமனை வந்தது. தொழிலாளர்களுக்காகச் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் எழுந்தன. லெபனானிலிருந்து வந்தவர்கள் துணிமணி மொத்த வியாபாரம் தொடங்கினார்கள். மூட்டை சுமந்து ஊர் ஊராகப் போன வியாபாரிகள் இங்கேதான் சரக்கு எடுத்தார்கள். பிறகு, பணிமனையிலும் தொழிற்சாலைகளிலும் வேலை தேடிப் பூர்வகுடிக் குடும்பங்கள் கிராமப்புறங்களிலிருந்து வந்து சேர்ந்தன. வாடகை குறைவு, சொந்தபந்தம் பக்கத்தில். வேறென்ன வேண்டும்?

வேண்டியது நிறையவே இருந்தது. தெருவில் நின்றாலே போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். அதனால் 1970-ல் அங்கே பூர்வகுடிகளுக்கான இலவசச் சட்ட உதவி மையம் பிறந்தது. மறு வருடமே ஒரு கடை இடத்தில் மருத்துவ மையம். தாங்களே நடத்திய இந்த இரண்டுமே ஆஸ்திரேலியாவில் முதல் முயற்சிகள். இன்று அதே பாணியில் நாடு முழுக்க 140-க்கும் மேற்பட்ட மருத்துவ மையங்கள் இயங்குகின்றன.

இந்த வேலைகளில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஷெர்லி ஸ்மித். அதிகம் படிக்காதவர், வலிப்பு நோய் உள்ளவர். சிறையில் இருக்கும் பையன்களைத் தேடிப் போய்ப் பார்ப்பார். “நீங்கள் அவனுக்கு என்ன உறவு?” என்று அதிகாரிகள் கேட்டால், “அவன் அம்மா” என்பார். எல்லாப் பையன்களுக்கும் அதே பதில்! ‘மம் ஷெர்ல்’ என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. 60-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை அவர் வளர்த்ததாகச் சொல்வார்கள்.

காலியாகக் கிடந்த வீடுகளில் தங்கியவர்களை போலீஸ் கைது செய்ய, பிரச்னை பெரிதானது. 1973-ல் பிரதமர் விட்லமின் அரசு பணம் தர, ஈவ்லி தெருவை ஒட்டிய வீடுகளைப் பூர்வகுடிகளின் வீட்டு வசதி நிறுவனம் வாங்கத் தொடங்கியது. ‘தி பிளாக்’ என்று பெயர். நகரத்தின் நடுவே, பறிபோன மண்ணில் ஒரு துண்டு திரும்பி வந்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பாப் பெல்லியர், பின்னாளில் நாட்டின் முதல் பூர்வகுடி நீதிபதி ஆனார்.

1992 டிசம்பர் 10. ரெட்ஃபெர்ன் பூங்கா மேடையில் பிரதமர் பால் கீட்டிங். ஆரம்பத்தில் கூட்டத்தில் ஒரே சலசலப்பு. நிலத்தைப் பறித்ததும், கொலைகள் செய்ததும், தாய்மாரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்ததும் நாங்கள்தான் என்று அவர் சொல்லச் சொல்ல, சத்தம் அடங்கியது. பிறகு கைதட்டல். ஒரு பிரதமர் அதை நாடாளுமன்றத்தில் சொல்லாமல் இந்த மக்களின் முன்னால் நின்று சொன்னதுதான் பெரிது.

பேச்சால் வாழ்க்கை மாறிவிடவில்லை. போதைப்பொருள் தி பிளாக்கைச் சீரழித்தது. 2004 பிப்ரவரியில் 17 வயதுப் பையன் ஒருவன் சைக்கிளிலிருந்து வேலிக் கம்பியில் விழுந்து இறந்தான். போலீஸ் துரத்தியதுதான் காரணம் என்றார்கள் ஊர் மக்கள், போலீஸ் மறுத்தது. அன்றிரவு ஸ்டேஷன் வாசலே போர்க்களமானது. அடுத்த சில ஆண்டுகளில் வீடுகள் இடிக்கப்பட்டு, இடம் வெறும் புல்வெளியாகக் கிடந்தது.

கடைகள் முதலில், வீடுகள் பிறகு என்று திட்டம் போனபோது, 2014-ல் பூர்வகுடிப் பெண்கள் முன்னின்று அங்கே கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். ஒன்றேகால் வருடம்! கடைசியில் பூர்வகுடிக் குடும்பங்களுக்கு 62 வீடுகள் என்று முடிவானது, கட்டியும் முடித்தார்கள். கூடவே 24 மாடி மாணவர் விடுதியும் எழுந்தது. அதற்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பணமும் அந்த வீடுகளுக்குக் கைகொடுத்தது.

பழைய பணிமனை இப்போது கலைக்கூடம். சனிக்கிழமைகளில் அங்கே உழவர் சந்தை. ஒரு காலத்தில் சீந்துவாரில்லாமல் கிடந்த வரிசை வீடுகள் பத்து லட்சம் டாலருக்கு மேல் போகின்றன. இங்கே பிறந்து வளர்ந்த பூர்வகுடிக் குடும்பங்கள் பல, வாடகை கொடுத்து மாளாமல் மேற்கே மவுண்ட் ட்ரூயிட் பக்கம் போய்விட்டன. மருத்துவ மையம் மட்டும் ரெட்ஃபெர்னை விட்டு நகரவில்லை.