ஏணியோடு வருகிறவர் யார்?



திருவண்ணாமலையிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த பெண் பி.காம். படித்தவள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். இணையம் நின்றால் அன்றைய சம்பளமும் நின்றது. போன மாதம் இப்படி நான்கு நாள் போயிற்றாம். "இது சரிப்படாது; சென்னைக்கே போய் விடுதியில் தங்கட்டும்" என்கிறார் தகப்பனார். "விடுதிக்குக் கொடுத்தது போக என்ன மிஞ்சும்?" என்கிறாள் பெண். அவர்கள் தெருவில் கிடைப்பதோ இரண்டே இணைப்புகள். "இரண்டில் எது மலிவு? எதை வாங்கட்டும்?" என்று கேட்டிருக்கிறார் அந்தச் சகோதரி.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் விலையை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

சென்னையில் ஓர் அடுக்கு மாடிக் கட்டடத்துக்கு நாலைந்து கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வருகின்றன. நம் ஊர்த் தெருவுக்கு மட்டும் ஏன் வருவதில்லை? தெரு நெடுகக் கண்ணாடி இழையை இழுக்கிற செலவு, அங்கே ஐந்து வீட்டார் வாங்கினாலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஐம்பது வீட்டார் வாங்கினாலும் ஒன்றுதான். முதலில் வந்தவர் பாதித் தெருவைப் பிடித்துவிட்டால் இரண்டாமவர் தயங்குவார். மூன்றாமவர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். கத்தரிக்காய் கட்டாவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறோமே, அந்தச் சௌகரியம் இதில் இல்லை. ஆகையால் இருக்கிற இரண்டிலேயே கெட்டிக்காரத்தனமாக வாங்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், நமக்கு எவ்வளவு வேகம் வேண்டும்? விற்க வருகிறவர் நூறு, இருநூறு என்று அடுக்குவார். மயங்கிவிடாதீர்கள். தொலைக்காட்சியில் நல்ல தெளிவோடு ஒரு சினிமா பார்க்க விநாடிக்கு 5 மெகாபிட் போதும். பெண்ணின் ஆபீஸ் கூட்டத்துக்கு 4. தம்பியின் பாடத்துக்கு 4. பாட்டி கைப்பேசியில் பிரவசனம் கேட்க 2. எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தாலும் 15 ஆகிறது. நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 30 மெகாபிட் தாராளம். மோடம் பெட்டியை மூலை அறையில் இரும்புப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, வேகம் போதவில்லை என்று பெரிய திட்டத்துக்கு மாறுகிறவர்கள் உண்டு. பெட்டியை நடுக்கூடத்தில் உயரமாக வைத்துப் பாருங்கள். காசில்லாமலே வேகம் கூடும்.

இனி விலை. 2020 ஆகஸ்டு கடைசியில் ஜியோ 30 மெகாபிட்டை மாதம் 399 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. அதே வருஷம் அக்டோபரில் பி.எஸ்.என்.எல். அதே வேகத்தை 449 ரூபாய்க்கு அறிவித்தது. இன்றைய விலையை உங்கள் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லுகிற விலையும் கொடுக்கிற விலையும் வேறு வேறு என்பது நினைவிருக்கட்டும். 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி, 399 என்பது 471 ஆகிவிடும். பெட்டிக்கு முன்பணம் உண்டா, திரும்பக் கிடைக்குமா, ஆறு மாதப் பணத்தைச் சேர்த்துக் கட்டச் சொல்கிறார்களா என்பதையும் கேளுங்கள். இந்த இரு திட்டங்களிலும் மாதத்துக்கு 3,300 ஜி.பி. என்று ஓர் எல்லை இருந்தது. மணிக்கு 3 ஜி.பி. வீதம் சினிமா பார்த்தாலும் அதைத் தீர்க்க 1,100 மணி நேரம் ஆகும். மாதத்துக்கு இருப்பதே 720 மணிதான்! இப்படிப்பட்ட எல்லைக்குப் பயம் வேண்டாம். சிறிய எல்லை வைத்த திட்டமானால், அதைத் தாண்டிய பின் வேகம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"கைப்பேசி டேட்டாவே போதாதா?" என்று சிலர் கேட்கலாம். கணக்குப் போடுவோம். 2024 ஜூலையில் விலை ஏறியபோது, தினம் ஒன்றரை ஜி.பி. தரும் ஜியோ திட்டம் 28 நாளைக்கு 299 ரூபாய் ஆயிற்று. அவர்களுடைய மாதத்துக்கு 28 நாள்தான். வருஷத்துக்குப் பதின்மூன்று முறை கட்டவேண்டும். மூன்று கைப்பேசிகளுக்கு வருஷம் 11,661 ரூபாய். வீட்டு இணைப்புக்கோ மாதம் 471 வீதம் 5,652. இரண்டையும் சேர்த்துக் கட்டத்தான் வேண்டுமா? வேண்டாம். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் தரவேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் கம்பெனிகள் அவற்றை வெளியிட்டன. வீட்டோடு இருக்கும் பெரியவர்களின் கைப்பேசியை இதற்கு மாற்றினால், மிச்சமாகும் பணம் வீட்டு இணைப்புக்கு உதவும்.

கம்பி இல்லாமல் காற்று வழியாக வருகிற வீட்டு இணைப்பும் இப்போது உண்டு. 2023-இல் ஏர்டெல்லும் ஜியோவும் 'ஏர்ஃபைபர்' என்ற பெயரில் இதைத் தொடங்கின. மொட்டை மாடியில் ஒரு பெட்டி வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் திருவண்ணாமலையின் சங்கதி வேறு. செல்போன் கோபுரம் ஒன்று ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் ஈடு கொடுக்கும் என்று அளவு உண்டு. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் ஜனங்கள் நடக்கும்போது, ஒவ்வொருவர் கையிலும் அதே கோபுரத்தை நாடும் கைப்பேசி இருக்குமே! மலை மறைவில் இருக்கும் வீடானால் அலை சரியாகக் கிடைக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். வேலைக்கு நம்புவதானால் கம்பியே மேல்.

கம்பிக்கும் கண்டம் இல்லாமல் இல்லை. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் 7-ஆம் நாள் மாட வீதிகளில் பஞ்சரதங்களும் வருகின்றன. குறுக்கே தொங்கும் கம்பிகளை விலக்கினால்தானே தேர் நகரும்? மற்ற நாட்களில் லாரி இடிக்கும், மழை பெய்யும், வானரங்கள் ஊஞ்சல் கட்டும். இழை அறுவது நம் கையில் இல்லை. அறுந்த பிறகு ஏணியை எடுத்துக்கொண்டு யார் வருவார், எப்போது வருவார் என்பதுதான் கேள்வி.

சகோதரிகளே, நீங்கள் விலை பேச வேண்டிய சரக்கு இதுதான். பில்லில் பெரிய கம்பெனியின் பெயர் இருக்கலாம். பி.எஸ்.என்.எல். உட்படப் பல நிறுவனங்கள் வீடு வரை இழை கொண்டுவரும் வேலையை உள்ளூர்ப் பங்காளிகளிடம் விட்டிருக்கின்றன. பல ஊர்களில் கேபிள் டி.வி. நடத்தினவரேதான் அந்தப் பங்காளி. பெயர்ப்பலகை ஒருவருடையது, ஏணி இன்னொருவருடையது. பலகையைப் பற்றி விளம்பரம் சொல்லும். ஏணியைப் பற்றி அடுத்த வீட்டு மாமிதான் சொல்ல முடியும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் அதே தெருவில் பத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சென்ற மூன்று மாதத்தில் எத்தனை முறை நின்றது? எத்தனை மணி நேரத்தில் ஆள் வந்தார்? ஞாயிற்றுக்கிழமை வருவாரா? இந்த மூன்று கேள்வி போதும். மாதம் ஐம்பது ரூபாய் அதிகமானாலும், அன்றே ஆள் வருகிற இணைப்புத்தான் மலிவு. அந்தப் பெண்ணின் ஒரு நாள் சம்பளத்தோடு அந்த ஐம்பது ரூபாயை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சென்னைக்குப் போகாமலே அவள் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, வீட்டு இணைப்பு ஒரு கம்பெனியுடையதானால் அவளுடைய கைப்பேசி வேறு கம்பெனியுடையதாக இருக்கட்டும். இழை அறுந்த அன்று கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை வைத்து வேலையை ஓட்டலாம். கணக்கு எழுத அதிக டேட்டா ஆகாது. மற்றொன்று, மோடத்துக்கென்றே விற்கும் சிறிய பேட்டரி யு.பி.எஸ். ஒன்று வாங்கிவிடுங்கள். பழைய கம்பித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. கரண்ட் போனாலும் பேசலாம். கண்ணாடி இழையில் வருவது வெறும் வெளிச்சம். பெட்டிக்கு நாம்தான் மின்சாரம் கொடுத்தாக வேண்டும்.

இணையம் நின்றதும் பெட்டியைப் பாருங்கள். எல்.ஓ.எஸ். என்ற எழுத்துக்கு அருகே சிவப்பு விளக்கு எரிந்தால் வெளிச்சம் உங்கள் பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். பெட்டியை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. உடனே புகார் கொடுத்து, புகார் எண்ணைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். "ஆள் அனுப்புகிறோம், அம்மா" என்ற வாய் வார்த்தை மட்டும் போதாது. 2012-ஆம் வருஷத்து டிராய் விதிப்படி முதலில் புகார் மையம். அங்கே தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தொலைத்தொடர்புச் சேவை பற்றிய வழக்கை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்திருக்கிறது. கையில் எண்ணும் தேதியும் இருந்தால்தான் இந்த வாசல்கள் திறக்கும்.

கடைசியாக ஒன்று. பெரும்பாலும் ஓர் இழையை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் எதிர் வீட்டிலும் எரிய இடமுண்டு. ஒரே ஒரு வீட்டார் கூப்பிட்டால் ஏணிக்காரர் நாளைக்கு என்பார். ஒரே காலையில் பத்து வீட்டிலிருந்து பத்துப் புகார் எண் பதிவானால், அவர் காப்பி சாப்பிடக்கூட நிற்க மாட்டார். இரண்டாவது கம்பெனியைத் தெருவுக்கு அழைப்பதற்கும் இதுவே வழி: இருபது குடும்பங்கள் கையெழுத்திட்டு, "வந்தால் வாங்குகிறோம்" என்று எழுதிக் கொடுங்கள். இழை இழுக்கிற செலவுக்கு அஞ்சி நிற்கிறவருக்கு அதைவிட நல்ல அழைப்பு வேறு கிடையாது.